இன்-வால் ஸ்பீக்கர்: சுவத்துக்குள்ள இடம் இருக்கான்னு வெட்டறதுக்கு முன்னாடி எப்படி பார்க்கறது?

தூக்கம்_வரல (ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்)

வணக்கம் மக்களே. லிவிங் ரூம் டிவி சுவத்துல ரெண்டு பக்கமும் இன்-வால் ஸ்பீக்கர் போடலாம்னு வாங்கி வச்சு மூணு வாரம் ஆச்சு. டப்பா பிரிச்சாச்சு, அட்டை டெம்ப்ளேட்டை சுவத்துல ஒட்டி தள்ளி நின்னு அழகும் பார்த்தாச்சு, ஆனா ட்ரைவால்ல (சுவத்து மேல அடிச்சிருக்கற ஜிப்சம் பலகை) ரம்பம் வைக்க மட்டும் கை வர மாட்டேங்குது.

விவரம்: வீடு 2009ல கட்டினது, நாங்க ரீசேல்ல வாங்கினோம். சுவர் 13 அடி 4 இன்ச் நீளம், சீலிங் 10 அடி, நடுவுல 75 இன்ச் டிவி. ஸ்பீக்கர் கட்அவுட் 8¾க்கு 12 இன்ச், மவுண்டிங் டெப்த் (ஸ்பீக்கருக்கு வேண்டிய ஆழம்) 3⅞ இன்ச்னு போட்டிருக்கு. டிவி ஓரத்துக்குப் பக்கத்துலயே, அதாவது நடுவுல இருந்து 40 இன்ச்ல வைக்கலாம்னு ஐடியா.

ட்ரைவாலுக்குப் பின்னாடி நிக்கற மரக்கட்டையை, அதான் ஸ்டட்டை, கண்டுபிடிக்கற ஸ்டட் ஃபைண்டர் வாங்கி சுவர் பூரா தேய்ச்சேன். அது என்னடான்னா ஒரே இடத்துல ரெண்டு தடவை வச்சா ரெண்டு பதில் சொல்லுது. இடது பக்கம் ஸ்டட்டே இருக்கக்கூடாத இடத்துல கத்துது, வலது பக்கம் கம்முனு இருக்கு. எதை நம்பி வெட்டறது? ஓட்டை போட்டுட்டு உள்ள பைப் இருந்தா வீட்டுல நான் காலி.

மரத்தூள் (நியூ ஜெர்சி)

நல்ல வேளை வெட்டறதுக்கு முன்னாடி கேட்டீங்க, முக்கால்வாசிப் பேர் வெட்டிட்டு போட்டோவோட வருவாங்க.

முதல்ல கணக்கு. நம்ம வீட்டு உள்சுவர் பெரும்பாலும் டூ பை ஃபோர் கட்டை. பேருதான் 2க்கு 4, கையில இருக்கற கட்டை 1½க்கு 3½ தான். 16 இன்ச்சுக்கு ஒரு ஸ்டட்னா ரெண்டுக்கும் நடுவுல காலியா 14½ இன்ச். ஆழம் 3½, அதோட முன்பக்க ட்ரைவால் அரை இன்ச் சேர்த்தா சுவர் முகத்துல இருந்து பின்பக்க ட்ரைவால் முதுகு வரைக்கும் 4 இன்ச். உங்க ஸ்பீக்கர் 3⅞. மிச்சம் ⅛ இன்ச். அதுவும் கட்டை நேரா இருந்தா, உள்ள ஒண்ணும் இல்லாம இருந்தா. அந்த 3⅞ சுவர் முகத்துல இருந்து அளந்ததா இல்ல ட்ரைவாலுக்கு உள்ள இருந்து அளந்ததான்னு மேனுவல்ல இருக்கற படத்தைப் பாருங்க, கம்பெனிக்கு கம்பெனி மாறும். உள்ள இருந்துன்னா உங்க சுவத்துக்கு அது சேராது, கதை முடிஞ்சது.

ரெண்டாவது, ஸ்டட் ஃபைண்டரை டிராயர்ல போடுங்க. ஒரு சின்ன நியோடைமியம் காந்தத்தை நூல்ல கட்டி சுவத்துல மெதுவா இழுத்துட்டே போங்க. ட்ரைவால் ஸ்க்ரூ மேல வந்ததும் டக்குனு ஒட்டிக்கும். அதுக்கு நேரா மேலயும் கீழயும் இன்னும் ரெண்டு மூணு இடத்துல ஒட்டினா அதுதான் ஸ்டட். ஒரு மூலையில இருந்து டேப் பிடிச்சு 16, 32, 48னு வருதான்னு பாருங்க, டேப்லயே 16க்கு 16 சிவப்பா குறிச்சிருப்பான். ஸ்க்ரூ வரிசை இல்லாம தனியா ஒரு பெரிய இடத்துல காந்தம் ஒட்டுதா? அது அனேகமா நெயில் பிளேட். ஸ்டட்டோட ஓரத்துக்கு ரொம்பக் கிட்ட ஓட்டை போட்டு வயரோ பைப்போ கொண்டு போனா மேல இரும்புத் தகடு அடிக்கணும்னு கட்டட விதியில, அதான் கோட்ல, இருக்கு. தகடு இருந்தா அந்த உயரத்துல ஏதோ குறுக்கால போகுதுன்னு அர்த்தம்.

மூணாவது, இதைத்தான் யாரும் செய்ய மாட்டாங்க: எழுந்து சுவத்துக்கு அந்தப் பக்கம் போங்க. அங்க என்ன இருக்கு?

தூக்கம்_வரல

போய்ட்டு வந்தேன் அண்ணா. இடது பாதிக்குப் பின்னாடி கீழ் பாத்ரூம், வாஷ்பேசின் அந்தச் சுவத்துலதான் இருக்கு. வலது பாதிக்குப் பின்னாடி பொண்ணோட ரூம். மேனுவல் படத்துல சுவர் முகத்துல இருந்துதான் அளவு போட்டிருக்கு, அது வரைக்கும் தப்பிச்சேன்.

மரத்தூள்

வாஷ்பேசின்னு சொன்னதுமே பாதி பதில் வந்துருச்சு. பேசின் டிரெயின்ல இருந்து ஒரு வென்ட் பைப், அதாவது காத்துக் குழாய், நேரா கூரைக்கு ஏறும். அது எந்த ஸ்டட் பேல, அதாவது எந்த ரெண்டு ஸ்டட்டுக்கு நடுவுல இருக்கற காலி இடத்துல, ஏறுதுங்கறதுதான் கேள்வி. 1½ இல்ல 2 இன்ச் பிவிசியா இருக்கும். 2 இன்ச் பைப்னு பேரு, வெளி விட்டம் 2⅜. மூன்றரைல அதைக் கழிச்சா உங்களுக்கு ஒண்ணே கால் கூட மிஞ்சாது.

வயர்மேன்_72 (ஹூஸ்டன்)

டாய்லெட் பைப் இருக்கற சுவர்னா சில பில்டர் டூ பை சிக்ஸ்ல கட்டுவாங்க, ஏன்னா 3 இன்ச் பிவிசியோட வெளி விட்டமே சரியா 3½, டூ பை ஃபோர்ல முட்டிக்கும். அதைப் பார்த்துட்டு ஆஹா அஞ்சரை இன்ச் ஆழம் கிடைச்சுதேன்னு சந்தோசப்படுவாங்க நம்ம ஆளுங்க, அவ்வளவு ஆழம் விட்டதே பைப்புக்குத்தான்னு மறந்துட்டு.

இன்னொண்ணு. அந்தப் பக்க ரூம்ல ஸ்விட்ச், அவுட்லெட் எங்க எங்க இருக்குன்னு அளந்து இந்தப் பக்கம் பென்சில்ல குறிங்க. அந்த டப்பா ஸ்டட்டோட பக்கத்துல அடிச்சிருப்பாங்க, அதுல இருந்து ரோமெக்ஸ் (வீட்டு கரண்ட்) வயர் அதே ஸ்டட்டைப் பிடிச்சு மேல போகும். வயரைப் பிடிக்கற ஸ்டேபிள் ஆணி, டப்பா பக்கத்துல ஒண்ணு, அப்புறம் நாலரை அடிக்கு ஒண்ணுதான், நடுவுல வயர் தொய்ஞ்சு பேக்குள்ள வந்து நிக்கும். ரம்பம் வைக்கறதுக்கு முன்னாடி பிரேக்கரை ஆஃப் பண்ணுங்க, கரண்ட் இருக்கான்னு காட்டற வோல்டேஜ் பேனாவை மட்டும் நம்பாதீங்க.

புதுவீட்டுக்காரன் (வர்ஜீனியா)

இதுக்குத்தான் புது வீடு கட்டறவங்க ட்ரைவால் அடிக்கறதுக்கு முன்னாடி எல்லா சுவத்தையும் போட்டோ எடுத்து வைக்கணும்னு சொல்றது. நான் எடுத்தேன், கிட்டத்தட்ட 800 போட்டோ. ஒண்ணுலயும் டேப் வைக்கல, எந்த ரூம்னு எழுதல. இப்ப பார்த்தா எல்லாமே கட்டையும் மஞ்ச வயருமா ஒரே மாதிரி இருக்கு, என் பெட்ரூம் எது கராஜ் எதுன்னு எனக்கே தெரியல 😂

மரத்தூள்

😂 அடுத்த வீட்டுக்கு உபயோகமா இருக்கும்.

சரி, இப்ப உள்ள பார்க்கற வேலை. டெம்ப்ளேட்டை ஸ்டட்டுக்கு நடுவுல ஒட்டுங்க. கட்அவுட்டோட நட்ட நடுவுல கால் இன்ச் ட்ரில்ல ஒரே ஒரு ஓட்டை. ட்ரில் பிட்ல முக்கால் இன்ச்ல டேப் சுத்திக்கோங்க, ட்ரைவால் தாண்டினதும் நிறுத்தணும். அந்த ஓட்டை எப்படியும் வெட்டி எறியப் போற இடத்துல இருக்கறதால கவலை இல்ல. சரிப்படலைன்னாலும் விரல் நுனியில ஸ்பேக்கிள் (ஓட்டை அடைக்கற பட்டி) எடுத்து அமுக்கினா முடிஞ்சது.

சலவைத் துணி மாட்டற கம்பி ஹேங்கரை நிமிர்த்தி முதல்ல நேரா உள்ள விடுங்க, பின்பக்க ட்ரைவால்ல முட்டும், சுவர் முகத்துல நகத்தால பிடிச்சு வெளிய எடுத்து அளங்க. 4 வரணும். அப்புறம் கம்பியை எல் மாதிரி வளைச்சு உள்ள விட்டு ஒரு முழு சுத்து சுத்துங்க. வளைச்ச பக்கத்தோட நீளம் கட்அவுட்டோட மூலை வரைக்கும் போகணும், ஒரு 7½ இன்ச் வைங்க. எங்கயாவது முட்டினா அங்க ஏதோ இருக்கு.

ஆஸ்டின் மீனா

மரத்தூள் சார், சின்ன திருத்தம். 14½ இன்ச் பேல நட்ட நடுவுல ஓட்டை போட்டா ஸ்டட் ரெண்டு பக்கமும் 7¼ இன்ச்ல இருக்கும். 7½ இன்ச் கம்பி சுத்தவே சுத்தாது, ரெண்டு பக்கமும் ஸ்டட்ல முட்டும், இவர் பைப்னு நினைச்சு பயந்து போயிடுவார்.

ரெண்டு கம்பி வளைக்கணும். ஒண்ணு 5½ இன்ச், அதாவது பாதி அகலம் 4⅜, கூட ஒரு இன்ச், இது முழுசா சுத்தணும். இன்னொண்ணு 7 இன்ச், பாதி உயரம் 6, கூட ஒண்ணு. அதை மேலயும் கீழயும் மட்டும் ஒரு விசிறி மாதிரி ஆட்டிப் பாருங்க. அந்த ஒரு இன்ச் ஏன்னா ஸ்பீக்கர் ஃபிரேம்ல ஸ்க்ரூ திருகினா வெளிய விரியற கிளாம்ப் இருக்கும்ல, அது ட்ரைவாலுக்குப் பின்னாடி போய் பிடிக்க இடம் வேணும். ஓட்டை ஸ்டட்டை ஒட்டி இருந்தா கிளாம்ப் கட்டையில இடிச்சு திரும்பவே திரும்பாது. எனக்கு நடந்திருக்கு, ஃபிரேமைக் கழட்டி கிளாம்பை நெயில் கட்டர்ல தேய்ச்ச கொடுமை எல்லாம் பண்ணினேன்.

மரத்தூள்

அம்மா தாயே, ஒத்துக்கறேன். நான் பண்ணின வீட்ல 24 இன்ச்சுக்கு ஒரு ஸ்டட், அதே பழக்கத்துல சொல்லிட்டேன். மீனா சொன்ன அளவுதான் சரி.

ஸ்கார்பரோ அண்ணை (டொராண்டோ)

தம்பி, நான் இஞ்ச பேஸ்மென்ட் முடிக்கிற வேலை கொஞ்சம் செய்யிறனான், அதால ரெண்டு விசயம் சொல்லுறன்.

உங்கட சுவர் உள்சுவர், அது நல்லம். வெளிச்சுவரிலயோ பேஸ்மென்ட் சுவரிலயோ போடுறதெண்டா நான் வேண்டாமெண்டுதான் சொல்லுவன். இஞ்ச குளிருக்கு உள்ளுக்க இன்சுலேஷன் நிரப்பி, அதுக்கு மேல பொலித்தீன் ஷீற் அடிச்சு ஓரமெல்லாம் ஒட்டியிருப்பினம். நீங்கள் ஓட்டை வெட்டினா அந்த ஷீற்றும் சேர்ந்து வெட்டுப்படும், வீட்டுக்குள்ள இருக்கிற ஈரக்காத்து உள்ளுக்க போய் குளிர்ந்த பலகையில தண்ணியாப் படியும். ரெண்டு வருசம் கழிச்சு பூஞ்சணம் பிடிச்ச பிறகுதான் தெரியவரும். போன வருசம் ஒரு வீட்டில நாங்கள் ட்ரைவாலைக் கழட்டேக்க ஸ்பீக்கருக்குப் பின்பக்க இன்சுலேஷன் கறுத்துப்போய் கையோட பிஞ்சு வந்தது. ஸ்பீக்கர் மட்டும் நல்லா வேலை செய்துகொண்டிருந்தது, அதுதான் பகிடி.

மற்றது, டவுன்ஹவுஸ் ஆக்கள் பக்கத்து வீட்டோட ஒட்டின சுவரில கையே வைக்காதேங்கோ. அது நெருப்புத் தடுக்கிற சுவர். கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவில இருக்கிற சுவரும் அப்பிடித்தான்.

வயர்மேன்_72

அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. பழைய வீட்டுக்காரங்களுக்கு இன்னும் ஒண்ணு சேர்த்துக்கறேன்: 1978க்கு முந்தின வீடுன்னா பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், ட்ரைவால் இணைப்புல பூசின அந்தக் காலத்து ஜாயின்ட் காம்பவுண்டுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், டெஸ்ட் பண்ணாம ரம்பம் போட்டு தூசி கிளப்பாதீங்க. ட்ரைவாலே இல்லாம மரச்சட்டம் அடிச்சு மேல சாந்து பூசின சுவரா இருந்தா காந்தமும் குழம்பும், ஸ்டட் ஃபைண்டரும் குழம்பும், நீங்களும் குழம்புவீங்க.

கோவை ஆடியோ

இடைல புகுந்ததுக்கு மன்னிக்கோணும். இங்க கோயமுத்தூர்ல நம்ம ஊட்ல 4½ இன்ச் செங்கல் சுவரு. கொத்தனாரு 4 இன்ச் ஆழம் வெட்டி ஸ்பீக்கர் வச்சரலாம்ங்க, பின்னாடி பூசிரலாம்ங்கறாரு. செய்யலாமுங்களா?

மரத்தூள்

செய்யாதீங்க. நாலரை இன்ச் சுவத்துல நாலு இன்ச் எடுத்தா மிச்சம் பூச்சுதான் நிக்கும், ஒரு முட்டு முட்டினா அந்தப் பக்க ரூம் தெரியும். செங்கல் சுவத்துக்குள்ள பொந்தே கிடையாது, இந்த இழையில பேசற ஸ்பீக்கர் எல்லாம் முதுகுல காத்து இருக்கற சுவத்துக்குன்னு செஞ்சது. உங்க ஊர்ல சுவத்துக்கு முன்னாடி ஜிஐ சேனல் அடிச்சு ஜிப்சம் போர்டு இல்ல பிளைவுட் பேனலிங் பண்ணுவாங்கல்ல, அதுல வைக்கலாம். ஆனா 50 எம்எம் சேனல் போட்டா ரெண்டு இன்ச்தான் கிடைக்கும், பத்தாது. ஸ்பீக்கர் டெப்த்தை கார்பென்டர்கிட்ட முன்னாடியே காட்டி 4½ இன்ச் தள்ளி ஃபிரேம் அடிக்கச் சொல்லுங்க. இல்லைன்னா ஃபால்ஸ் சீலிங்ல வைக்கற மாடல் பாருங்க.

கோவை ஆடியோ

சரிங்ணா, கொத்தனாரை நிறுத்திப்போட்டேன். ரொம்ப நன்றிங்க.

தூக்கம்_வரல

மக்களே, சனிக்கிழமை காலைல காரியத்துல இறங்கிட்டேன். ரிப்போர்ட்.

காந்தம் அருமை. ஸ்டட் எல்லாம் மூலையில இருந்து 16, 32ன்னு பிசகாம வந்துச்சு, சுவத்துல சரியா 80ல ஒரு ஸ்டட், அதான் டிவிக்கும் நடு. இடது ஸ்பீக்கருக்கு 40 இன்ச்ல ஓட்டை. ஹேங்கரை நேரா விட்டேன், ஒன்றரை இன்ச்சுக்குள்ளயே முட்டுச்சு. கொஞ்சம் அழுத்தினா "டொக் டொக்"னு ஒரு காலி சத்தம், கட்டைல முட்டற சத்தம் இல்ல. கம்பி நுனி வழுக்கி ஒரு பக்கமா நழுவுது, ஏதோ உருண்டையான சாமான் மேல பட்ட மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட போனோட மாட்டற கேமரா வாங்கிட்டு வந்து விட்டுப் பார்த்தா வெள்ளை பிவிசி, ஊதா கலர் பிரைமர் வழிஞ்ச கறையோட, என்னைப் பார்த்து நிக்குது. மரத்தூள் அண்ணா வாய்க்கு சர்க்கரை.

ஸ்டட் ஃபைண்டர் அங்க கத்தினது பைப்பைப் பார்த்துத்தான் போல. பாவம், நான்தான் அதைத் திட்டிட்டேன்.

இப்ப என்ன பண்றது, ஒரு பே தள்ளிப் போகவா? வலது பக்கத்தையும் சேர்த்துத் தள்ளணுமே. டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல பெரிய இடைவெளி வரும்.

ஆஸ்டின் மீனா

சோபா எவ்வளவு தூரம்?

தூக்கம்_வரல

11 அடி.

ஆஸ்டின் மீனா

அப்ப கண்ணை மூடிட்டு தள்ளுங்க. நடுவுல இருந்து 40 இன்ச்னா சோபாவுல இருந்து பார்க்கறப்ப 17 டிகிரிதான் வருது. டால்பி சொல்றது முன்பக்க ஸ்பீக்கருக்கு 22ல இருந்து 30 வரைக்கும். ஒரு பே தள்ளினா 56 இன்ச், 23 டிகிரி. பைப் உங்களுக்கு நல்லதுதான் பண்ணியிருக்கு. பக்கச் சுவத்துக்கும் 24 இன்ச் மிஞ்சுது, போதும்.

நடு சரியா ஸ்டட் மேல வந்ததும் உங்க அதிர்ஷ்டம், ரெண்டு பக்கமும் பே கண்ணாடி மாதிரி ஒத்து வருது. அப்படி வரலைன்னா கிளாம்புக்கு ஒரு இன்ச் விட்டது போக ஓட்டையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் 1⅞ இன்ச்தான் நகர்த்த முடியும்.

மரத்தூள்

ரெண்டு பேயையும் மேல கீழ முழுசா கேமராவுல பாருங்க, கட்அவுட் உயரத்தை மட்டும் இல்ல. இந்த ஸ்பீக்கருக்குப் பின்னாடி தனி டப்பா கிடையாது, சுவர்ப் பொந்துதான் அதோட டப்பா. ஒரு பக்கம் பத்தடியும் காலியா இருந்து இன்னொரு பக்கம் நடுவுல குறுக்குக் கட்டை அடிச்சிருந்தா ஒரு பக்கம் பேஸ் ஒரு மாதிரியும் இன்னொரு பக்கம் வேற மாதிரியும் கேக்கும். அப்படி இருந்தா ரெண்டு பக்கமும் ஒரே அளவுக்கு கட்டை அடைச்சு சமமாக்கிடலாம், இல்ல ஸ்பீக்கர் முதுகுக்கு மாட்டற பேக் பாக்ஸ் வாங்கலாம், ஆனா உங்க ஆழத்துக்கு பேக் பாக்ஸ் கிடைக்கறது கஷ்டம்.

வயர்மேன்_72

ஸ்பீக்கர் வயர் உறைல சிஎல்2 இல்ல சிஎல்3ன்னு (சுவத்துக்குள்ள விடற வயருக்கான குறி) அச்சடிச்சிருக்கணும், டிவி டப்பாவோட வந்த ஒல்லி வயரை சுவத்துக்குள்ள விடாதீங்க. கரண்ட் வயருக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி விடுங்க, நான் ஒரு அடி விடுவேன். குறுக்கால போகணும்னா நேர் குறுக்கா போங்க, கூடவே ஓடாதீங்க.

ஸ்கார்பரோ அண்ணை

கனடா ஆக்கள் அந்தக் குறிக்குப் பதிலா வயரில எஃப்டி4 எண்டு போட்டிருக்கோ எண்டு பாத்து வாங்குங்கோ.

தூக்கம்_வரல

முடிச்சுட்டேன்!! ஞாயித்துக்கிழமை ராத்திரி 11 மணி, ஒடம்பெல்லாம் வெள்ளைத் தூசி.

இடது பக்கம் 56ல ஓட்டை போட்டு நேர்க் கம்பி விட்டேன், 4 இன்ச்சுக்கு ஒரு நூல் கூடவே வந்துச்சு. 5½ கம்பி தடையில்லாம சுத்திச்சு. கேமராவுல மேல இருந்து கீழ வரைக்கும் சுத்தம், குறுக்குக் கட்டை எதுவும் இல்ல.

வலது பக்கம்தான் கதை. சுத்திட்டு இருக்கறப்ப வலது ஓரத்துல கம்பி மெத்துனு எதுலயோ பட்டு நகர்ந்துச்சு. கேமரால பார்த்தா வயர்மேன் சார் சொன்ன அதே தொய்ஞ்ச மஞ்ச ரோமெக்ஸ், பொண்ணு ரூம் அவுட்லெட்ல இருந்து ஏறுது. பிரேக்கரை ஆஃப் பண்ணி, ரம்பத்துலயும் முக்கால் இன்ச்ல டேப் சுத்தி, அந்தப் பக்கத்தை மட்டும் கடைசியா பொறுமையா அறுத்தேன். ஓட்டை வந்ததும் கையை விட்டு வயரை ஸ்டட்டோட சேர்த்து ஒதுக்கியாச்சு.

அதோட கேமராவை கீழ விட்டா தரைக்கட்டை மேல ஏதோ பளபளன்னு படுத்திருக்கு. காலி சோடா கேன்! 2009ல வீடு கட்டினவன் குடிச்சுட்டு உள்ள போட்டுட்டு ட்ரைவால் அடிச்சுட்டான். காந்தத்தை நூல்ல விட்டு எடுக்கலாம்னு பார்த்தேன், அலுமினியம்னு உறைக்கவே அஞ்சு நிமிசம் ஆச்சு. அப்புறம் சோபா இடுக்குல விழுந்ததை எடுக்கற நீள இடுக்கி இருக்குல்ல, அதை வச்சு எடுத்தேன்.

கிளாம்ப் ஸ்க்ரூவைக் கையாலயே திருகினேன். ஸ்பீக்கர் காந்தத்துக்கும் பின் ட்ரைவாலுக்கும் நடுவுல ஒரு துண்டு ஃபெல்ட் ஒட்டி வச்சேன், தொட்டு அதிரக்கூடாதுன்னு. டெஸ்ட்டுக்கு தவில் கச்சேரி ஒண்ணு போட்டேன், பொண்ணு எழுந்து வந்து "அப்பா, என் ரூம்ல யாரோ கொட்டு அடிக்கறாங்க"ன்னுச்சு.

மரத்தூள்

சூப்பர். அந்த கேன் உள்ளயே இருந்திருந்தா ஒவ்வொரு அடிக்கும் கலகலன்னு கூடவே வாசிச்சிருக்கும், ஸ்பீக்கர் டிஃபெக்ட்னு நினைச்சு திருப்பி அனுப்பியிருப்பீங்க.

பொண்ணு ரூமுக்கு சத்தம் போறது இந்த டைப் ஸ்பீக்கரோட கூடப் பொறந்த வியாதி, பின்னாடி இருக்கறது ஒரே ஒரு அரை இன்ச் பலகை. கிரில்லைக் கழட்டி ஸ்பீக்கரை வெளிய எடுத்து, பேக்குள்ள மேலயும் கீழயும் ராக் வூல் (கல் நார்ப் பஞ்சு) திணிங்க, ரெண்டு பக்கமும் ஒரே அளவு. கொஞ்சம் அடங்கும். முழுசா அடங்காது.

தூக்கம்_வரல

அடுத்த வாரம் செய்யறேன் அண்ணா. அது வரைக்கும் ராத்திரி 9 மணிக்கு மேல தவிலுக்கு தடை உத்தரவு வந்தாச்சு. கேனைக் கழுவி டிவிக்குக் கீழ வச்சிருக்கேன், தூக்கிப் போட மனசு வரல.

புதுவீட்டுக்காரன்

என் 800 போட்டோவுல எங்கயாவது கேன் தெரியுதான்னு இப்ப ஒவ்வொண்ணா ஜூம் பண்ணிட்டு இருக்கேன்.